எத்தனாப்பு என்று கேட்டவர்களுக்கு

மதுரையில் ஒரு பிள்ளையைக் கண்டால் முதலில் பெயர் கேட்கமாட்டார்கள். “எத்தனாப்பு படிக்கிற?” என்றுதான் கேட்பார்கள். எத்தனையாவது வகுப்பு என்பது வாயில் புழங்கிப் புழங்கி எத்தனாப்பு ஆகிவிட்டது. பதிலும் அதே அச்சில்தான் வரும்: மூணாப்பு, அஞ்சாப்பு, பத்தாப்பு. அதைத் தெரிந்துகொண்டால் போதும், பிள்ளையின் வயசும் பெரிய பரீட்சைக்கு இன்னும் எத்தனை வருசம் என்பதும் கேட்டவருக்குப் பிடிபட்டுவிடும். அடுத்து “எந்த ஸ்கூலு?” என்று கேட்டு முடித்தால் பெற்றவர்களின் சரித்திரமே கைக்கு வந்துவிடும்.

என் மகளுக்கு ஆப்பு கிடையாது. மூணாப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். இப்போது பதிமூன்று நடக்கிறது. வீட்டிலும் என் கடையிலுமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆப்புக்கு எங்கள் பக்கம் இன்னொரு பொருளும் உண்டு. அவளை நிறுத்திய வாரமே, கடைக்குத் தினமும் வரும் வக்கீல் குமாஸ்தா ஒருவர், என்னை மாப்ள என்று உரிமையோடு கூப்பிடுகிறவர், அதைப் பிடித்துக்கொண்டார்.

“ஊர்ல அவனவன் பிள்ளைக்கு நல்ல ஸ்கூல்ல ஒரு ஆப்பு கிடைக்காதான்னு அலையிறான். நீ பெத்த பிள்ளைக்கே ஆப்பு வச்சிட்டியே மாப்ள!”

நான் சிரித்தேன். பிறகு நாற்பது நிமிடம் பதில் சொன்னேன். என் வாழ்க்கையின் கோளாறு மொத்தமும் அந்த நாற்பது நிமிடத்தில் இருக்கிறது.

கடை தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற பாதை ஒன்றில் இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதித் தருதல். உள்ளே நானும் மெசினும் ஒரு ஸ்டூலும். அந்த ஸ்டூலில் மகள். நான் பன்னெண்டாப்பில் இரண்டு முறை கோட்டைவிட்டவன். எனக்குத் தெரிந்த தமிழெல்லாம் அடுத்தவர் மனுக்களை அடித்து அடித்துக் கற்றுக்கொண்டது. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, சாக்கடை அடைப்பு, பக்கத்து வீட்டுக்காரர் நாய், எதைப் பற்றியும் “பொருள்”, “பார்வை” போட்டு இரண்டு பக்கத்துக்கு உருகிவிடுவேன். ஊர் வழக்கெல்லாம் வாய்தா வாங்கும்; என் வாய் மட்டும் ஒருநாளும் வாங்கியதில்லை.

மனைவி பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேள்வி கேட்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? “ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் குடுக்குது, சொந்தப் பிள்ளை ஜெராக்ஸ் கடையில உக்காந்திருக்கு!” டீச்சர்கள் அறையில் யாராவது கேட்டால் அவள் ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள்: “அவங்கப்பாவைக் கேளுங்க.” அவள் வேலையை இரண்டே சொல்லில் முடித்துவிட்டாள். என் வேலை அங்கிருந்துதான் ஆரம்பம்.

ஏனென்றால் உண்மையான பதில் என்னிடம் இருந்தது, சொல்லத்தான் முடியாது.

அவளுக்குத் திக்கும். எல்லாச் சொல்லிலும் இல்லை. சொல்லின் முதலில் ப வந்துவிட்டால் கதவு சாத்திக்கொள்ளும். பால், பஸ், பரோட்டா எல்லாமே மல்லுக்கட்டுதான். அவள் படித்த பள்ளியில் காலையில் வருகை எடுக்கும்போது “ப்ரெசன்ட் மிஸ்” என்று சொல்ல வேண்டும். நான் படித்த அரசுப் பள்ளியில் “உள்ளேன் ஐயா” என்போம். அங்கே சேர்த்திருந்தால் பிள்ளை தப்பித்திருக்கும். பயிற்றுமொழியைப் பற்றி என்னிடம் இருக்கும் ஒரே உருப்படியான கருத்து இதுதான், ஆனால் இதை வைத்துக்கொண்டு மேடையேற முடியாது.

அவள் பெயர் வந்ததும் கடைசி பெஞ்சில் நாலு பேர், ஸ்டார்ட் ஆகாத மொபட்டை உதைப்பதுபோல் “ட்ர்ர்... ட்ர்ர்...” என்பார்களாம். பட்டப்பெயர் கிக்கர். டீச்சர் நல்ல மனுசி. பையன்களை அதட்டிவிட்டு, இரக்கத்தோடு சொல்லியிருக்கிறார்: “நீ சொல்ல வேணாம்டா தங்கம். நானே போட்டுக்கிறேன்.”

அன்றைக்குச் சாயங்காலம் மகள் பையைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: “இனிமே நான் போகல. நான் வந்தாலும் வராட்டியும் மிஸ் போட்டுக்குவாங்க.”

கெஞ்சிப் பார்த்தோம். பள்ளியில் பேசினோம். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனோம், இன்றும் போகிறாள். பயிற்சி கொடுக்கும் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: “அவ பேசும்போது அவ சொல்ல வந்ததை நீங்க முடிச்சு வைக்காதீங்க சார்.” அதன் அருமை எனக்குப் புரிந்துவிட்டது என்று அவரிடம் இருபது நிமிடம் விளக்கினேன்.

இரண்டு மாதம் கழித்து வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவானது. மகள் ஒரு நிபந்தனை போட்டாள். “ஏன்னு கேட்டா, திக்குதுன்னு மட்டும் சொல்லாதப்பா. யார்கிட்டயும்.” கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை. அதைக் காப்பாற்றுகிறேன் என்ற பெயரில் செய்த கூத்துகளைத்தான் சொல்ல வந்தேன்.

ஜெராக்ஸ் கடையில் காத்திருப்பவருக்குக் கையும் சும்மா இருக்கும், வாயும் சும்மா இருக்கும். எதிரே ஒரு பிள்ளை, பள்ளி நேரத்தில், ஸ்டூலில். கேட்காமல் இருப்பாரா? “லீவா பாப்பா?” என்று தொடங்குவார். நான் மெசின் மூடியைத் திறந்தபடி பதிலைத் தொடங்குவேன். ஆளுக்குத் தகுந்த பதில். மனு எழுதுகிறவன் புத்தி அது; எந்த அதிகாரிக்கு எந்த வார்த்தை இனிக்கும் என்று பார்த்துத்தானே எழுதுவோம்?

பென்சன் விசயமாக அடிக்கடி வரும் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவரிடம், பிள்ளை முதலில் தாய்மொழியில் சிந்திக்கப் பழக வேண்டும் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானே கொஞ்சம் கலங்கிப்போனேன். குமாஸ்தாவிடம் அந்த நாற்பது நிமிடத்தின் முடிவில், இதில் சட்ட நுணுக்கம் இருக்கிறது, சமயம் வரும்போது சொல்கிறேன் என்றேன். அவருக்கு அது போதும். நுணுக்கம் என்று காதில் விழுந்தாலே வாய் பொத்தி நிற்பார். கோயில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் குருகுலம் என்று ஒரு வார்த்தை விட்டேன். அவர் ஆட்டிய தலையைப் பார்த்துப் பயந்துபோய்ப் பேச்சை மழைக்குத் திருப்பினேன்.

எல்லாவற்றையும்விட மோசம், ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் சொன்னதுதான். அன்றைக்குக் களைப்பு, புதிதாக எதுவும் தோன்றவில்லை. “பாப்பா செஸ் விளையாடுதுண்ணே. அதுக்கு நேரம் வேணும்ல, அதான்” என்றேன். அவர் மறுநாள் காலையில் ஒரு செஸ் போர்டோடு வந்து நின்றார். “நம்ம வீட்டுல சும்மா கெடந்துச்சுண்ணே. போட்டி என்னைக்கு? நான்தான் பாப்பாவை ரயிலடியில கொண்டுபோய் விடுவேன், சொல்லிட்டேன்.”

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது. வேறு வழியில்லாமல் மூன்று பேரும் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். மகள் இப்போது நன்றாகவே ஆடுகிறாள். நான் இன்னும் குதிரையைத் தாவவிட்டு எங்கே இறங்குவது என்று தெரியாமல் நிற்கிறேன்.

“ஒரு பதிலை ரெண்டு பேருக்காவது சொல்லுங்க. இவங்கள்லாம் ஒருநாள் ஒண்ணா வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?” என்றாள் மனைவி. கணக்கு டீச்சர் இல்லையா, எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பாள்.

வந்து நின்றார்கள். போன தை மாதம், ஒரு திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள் என்பதால் கடையில் கூட்டம். ஹெட்மாஸ்டருக்குப் பன்னிரண்டு காப்பி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஓர் அம்மா, “ஏன் சார், இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகலையா?” என்று கேட்டுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹெட்மாஸ்டர் எனக்காக ஆஜரானார்.

“கொள்கைம்மா! தாய்மொழிச் சிந்தனை. இந்தக் காலத்துல யாரு இப்பிடி இருக்கா?”

வாசலில் நின்ற ஆட்டோக்காரர் உள்ளே தலையை நீட்டினார். “கொள்கையா? என்ன சார் நீங்க. பாப்பா செஸ் ப்ளேயரு. போர்டே நான் குடுத்ததுதான்!”

“ரெண்டு பேரும் சித்த சும்மா இருங்கப்பா” என்றார் குமாஸ்தா. “இதுல சட்ட நுணுக்கம் இருக்கு. வெளிய சொல்லக் கூடாது. என்ன மாப்ள?”

“எம்புட்டு நுணுக்கம்?” என்றார் ஆட்டோக்காரர்.

“அதான் சொல்லக் கூடாதுங்குறேன்ல!”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். மெசின் மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது. ஒரே மூலத்திலிருந்து ஒரே மாதிரி நகல் எடுப்பது எவ்வளவு நாணயமான தொழில் என்று அப்போதுதான் அதன்மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஹெட்மாஸ்டர் ஸ்டூல் பக்கம் திரும்பினார். “இவங்களை விடு. நீயே சொல்லும்மா. எத்தனாப்பு நீ?”

மகள் நிமிர்ந்தாள். அவளிடம் சொல்வதற்கு உண்மையிலேயே ஒரு பதில் இருந்தது. எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதுவதென்று அந்த மாதம்தான் முடிவு செய்திருந்தோம். பள்ளிக்கூடம் போகாதவர்களும் நேரடியாக எழுதலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“ப... ப...”

“பரீட்சை எழுதப் போறா சார்!” என்றேன் நான். “எட்டாப்பு! தனித்தேர்வரா! நேரா எட்டாப்பு!”

“ஓஹோ!” என்றார்கள் மூன்று பேரும். அந்த அம்மாகூடத் தலையாட்டினார். சத்தியமும் தப்பித்தது, என் மானமும் தப்பித்தது. திரும்பிப் பார்த்தேன். மகள் வாய் மூடியிருந்தது. காப்பிகளை அடுக்கி, பின் அடித்து, ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தாள். பிறகு சாயங்காலம் வரை என்னிடம் பேசவில்லை. நான் பேசிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவும் நேரமாயிற்று.

வீட்டுக்குப் போகும்போது கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி நின்றது. பின்னாலிருந்து குரல் வந்தது.

“நீயும் அந்த மிஸ்ஸும் ஒண்ணுதான்ப்பா.”

“எந்த மிஸ்?”

“ப்... ப்... ப்...” ஹெல்மெட் போட்டிருந்தேன், அவள் முகம் தெரியவில்லை, அதனால்தானோ என்னவோ காத்திருந்தேன். “ப்ரெசன்ட் மிஸ். அவங்களும் நானே போட்டுக்கிறேன்னாங்க. நீயும் போட்டுக்கிற.”

“நீதானம்மா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கின?”

“நீ சொல்லக் கூடாதுன்னுதான் வாங்கினேன். நான் சொல்லமாட்டேன்னு சொன்னேனா?”

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தே கொன்றது. நான் வண்டியை எடுக்க மறந்திருந்தேன். அவள்தான் தோளைத் தட்டி, “போப்பா” என்றாள்.

வீட்டில் விசயத்தைக் கேட்ட மனைவி, “பேச்சுப் பயிற்சிக்கு அப்பவே உங்களைச் சேர்த்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு அரிசியைக் களைந்தாள்.

உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நாள் வந்ததும் நான் செய்த முதல் வேலை, நாலு பக்கத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் அடித்தது. “பொருள்: எனது மகள் பள்ளிக்குச் செல்லாமை, அதற்கான காரணங்கள் பணிந்து சமர்ப்பித்தல் தொடர்பாக.” தாய்மொழி, சட்டம், குருகுலம் மூன்றையும் சேர்த்துவிட்டேன், செஸ்ஸை மட்டும் விட்டுவிட்டேன். திக்குவது பற்றி ஒரு வரி கிடையாது. சத்தியம் சத்தியம்தானே.

மகள் விண்ணப்பத்தையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “இதுல காரணம்னு கட்டமே இல்லையேப்பா. யாரு கேட்டா?” விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். என் கடிதத்தின் மறுபக்கம் காலியாக இருந்ததால் அதில் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

விண்ணப்பம் வாங்கும் மையத்தில் வரிசை நின்றது. முன்னால் இன்னும் மூன்று பேர் இருக்கும்போது மகள் தன் பையைத் திறந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்தாள். கையகலத் துண்டு.

“வாயைத் திற.”

“எதுக்கு?”

“கடிக்காத. முழுசா உள்ள வச்சுக்க. சப்பு.”

வைத்துக்கொண்டேன். வெல்லப்பாகு மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் ஒட்டிவைத்து முத்திரை போட்டதுபோல் இறுகிக்கொண்டது. எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த அம்மா தாள்களைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“நீதானா எழுதுறது? ஏம்மா, ஏன் ஸ்கூலுக்குப் போகல?”

கேட்டதில் குத்தல் இல்லை. தாள்களில் இருந்த பின்னைக் கழற்றிக்கொண்டே கேட்ட சாதாரணக் கேள்வி. என் நெஞ்சுக்குள் பதில்கள் முண்டியடித்தன. வாய் மட்டும் ம்ம்ம் என்றது. கவுண்டர் அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இவனுக்கு ஏதோ கோளாறு என்று முடிவுகட்டியவர்போல் மகளிடம் திரும்பினார்.

“எனக்குத் திக்கும்” என்றாள் மகள். “க்ளாஸ்ல ப்... ப்...”

எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். மின்விசிறி தாள்களைப் படபடக்க வைத்தது. ஜெராக்ஸ்காரன் நேரத்தைக் காப்பியில்தான் அளப்பான். பதினைந்து காப்பி ஓடும் நேரம் இருக்கும். எனக்கு அந்தச் சொல் தெரியும். உலகத்திலேயே எனக்கு நன்றாகத் தெரிந்த சொல் அது. கடலையை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தால் சொல்லியிருக்கலாம். பல்லை இன்னும் இறுக்கிக்கொண்டேன். மகள் கண்ணை மூடித் திறந்தாள்.

“ப்ரெசன்ட் சொல்ல நேரமாகும். எல்லாரும் சிரிச்சாங்க. அதான் நின்னுட்டேன். வீட்டுல படிச்சேன்.”

முடிந்தது. ஐந்து வருசமாக நான் ஊரெல்லாம் சொன்ன பதில்களுக்குப் பதில் இவ்வளவுதான்.

“ம், சரி” என்றார் கவுண்டர் அம்மா. “ரெண்டு போட்டோ கேட்டிருக்கு. ஒண்ணுதான இருக்கு? இன்னொண்ணு எங்க?”

மகள் என்னைப் பார்த்தாள். ஊர் முழுக்க நகல் எடுத்துக் கொடுக்கிறவன், போட்டோவில் ஒரு பிரதி குறைவாகக் கொண்டுவந்திருந்தேன். நாலு பக்கக் கடிதத்தை மட்டும் மறக்காமல் மூன்று செட் எடுத்திருந்தேன். சட்டைப்பையைத் தட்டினேன், பையைத் துழாவினேன். ம்ம்ம் என்றேன்.

“உங்கப்பாவுக்கு என்னம்மா?” என்றார் கவுண்டர் அம்மா, மெல்லிய குரலில்.

“அவருக்குத் திக்காது” என்றாள் மகள். “அதான் மிட்டாய் குடுத்திருக்கேன்.”

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். கவுண்டர் அம்மாவும் சிரித்தார். மகள் சிரித்ததுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. மறுநாள் போட்டோவோடு போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். பரீட்சை இன்னும் வரவில்லை. தேறுவாளா என்று என்னைக் கேட்டால், இரண்டு முறை தேறாதவனின் அனுபவத்திலிருந்து விரிவாகப் பதில் சொல்ல முடியும், வேண்டாம்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். எழுதிக்கோ, ஆனால் நான்தான் டைப் அடிப்பேன் என்றாள். நான் சொன்னதில் பாதியை அடிக்கவே இல்லை.

போன வாரம் ஹெட்மாஸ்டர் கடைக்கு வந்தார். பென்சன் மனு இன்னும் நகரவில்லையாம். நான் தாளை வைத்து மூடியைச் சாத்தினேன். அவர் ஸ்டூல் பக்கம் சாய்ந்து, “ஏம்மா, எட்டாப்பு எழுதப் போறேன்னு அப்பா சொன்னாரே, அதுவரைக்கும் ஏன் ஸ்கூல் பக்கமே போகல? கொள்கைதானே?” என்றார்.

“இல்ல சார். ப... ப...”

மேசை இழுப்பறையைத் திறந்தேன். இந்த மாதிரி நேரத்துக்கென்றே அதில் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன். பொட்டலம் காலி. மகள் எப்போதோ தின்று தீர்த்திருக்கிறாள்.

மெசின் நின்றுவிட்டது. வெளியே பஸ்ஸும் இல்லை, ஹாரனும் இல்லை. ஹெட்மாஸ்டர் காத்திருந்தார். வாயில் ஒன்றும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன் நான். இந்தப் பாடத்துக்கு எனக்கு டீச்சரும் கிடையாது, மிட்டாயும் கிடையாது. வீட்டிலேயேதான் படிக்க வேண்டும்போலிருக்கிறது.